வெள்ளோட்டம் பார்க்காமல் இறக்கிய பாடங்கள்: இணையவழிக் கற்றல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் நீங்கள் தந்த இணையவழிச் செயல்பாடுகள், அவற்றுக்கான அகமதிப்பீட்டு மதிப்பெண், அதுபற்றி நாங்கள் மாறி மாறி அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாமே உங்களுக்குத் தெரியும். அதனால் பழைய கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஐந்தாவது செயல்பாடான வினாடிவினா நடந்த ஞாயிற்றுக்கிழமை இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் அந்த மாணவிக்கு. அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அப்பா வல்லம் என்கிற நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்மார்ட்போன். ராத்திரி கடலுக்குப் போகும்போது அப்பா அதை பாலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போவார். காற்று மாறினாலோ என்ஜின் நின்றாலோ கரைக்குச் சொல்ல அவருக்கு வேறு வழி இல்லை. அன்றைக்கு வினாடிவினா இரவு 8 மணிக்குத் திறந்து 8.30-க்கு மூடிவிடும் என்று அறிவித்திருந்தீர்கள். மாற்று நேரம் எதுவும் தரவில்லை. அவர் போனை மகள் கையில் கொடுத்துவிட்டு, அது இல்லாமலே கடலுக்குப் போனார்.

அந்த வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற படிக்கட்டில் ஐந்தாறு படி ஏறினால் கிடைக்கும். அங்கே போய் உட்கார்ந்தாள். மொத்தம் 20 கேள்வி. 17 முடித்து அடுத்ததைத் தொட்டபோது திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், இன்னும் நாலு படி ஏறினாள். பக்கம் திரும்ப வந்தபோது மணி 8.34. 'இந்தச் செயல்பாடு நிறைவடைந்தது' என்று ஒரு வரி. மதிப்பெண் பூஜ்யம்.

அன்று இரவு அவள் அம்மா தூங்கவில்லை. விடியற்காலையில் வல்லம் கரைக்கு வந்ததும் அப்பா மீனைக்கூட இறக்காமல், "பரீட்சை எழுதிட்டியாம்மா?" என்றுதான் கேட்டிருக்கிறார். எழுதிட்டேன்ப்பா என்று சொல்லிவிட்டாளாம். திங்கட்கிழமை துறை வாசலில் நின்று என்னிடம் சொன்னது வேறு: "பதினேழு போட்டேன் மிஸ். எல்லாம் தெரிஞ்ச கேள்வி மிஸ்." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

உங்களுக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: இணைய இணைப்புக்கு மாணவரே பொறுப்பு.

ஐயா, அம்மா, அந்த வரியை நான் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நாம் பயன்படுத்துவது மூடுல். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியமாஸ் 2002-இல் வெளியிட்டு, உலகம் முழுக்கக் கல்லூரிகள் இணையவழிப் பாடம் நடத்த இலவசமாகப் பயன்படுத்துகிற மென்பொருள். அதில் வினாடிவினா அமைக்கும் பக்கத்தில், நேரம் முடிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதுவரை எழுதியதைத் தானாகவே சமர்ப்பித்துக்கொள் என்பது ஒரு தேர்வு. மாணவரே நேரத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் எடுக்காதே என்பது இன்னொன்று. உங்கள் குழுவில் யாரோ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அவள் அடுத்த பக்கத்துக்குப் போகப்போக முந்தைய விடைகள் சர்வரில் பதிவாகிக்கொண்டே இருந்தன. 17 விடையும் உங்களிடம் இருக்கின்றன. இணைப்புக்கு அவள் பொறுப்பு என்றால், அந்தத் தேர்வுக்கு யார் பொறுப்பு?

இன்னும் ஒன்று. நேர வரம்பு வைக்காத வினாடிவினாவாக இருந்தால், அதே மூடுலின் கைபேசிச் செயலியில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே எழுதி, சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். அதற்கும் ஓர் அனுமதியைத் தேர்ந்தெடுத்தால் போதும். பணம் செலவாகாது, புது மென்பொருள் வாங்க வேண்டாம். இங்கே இருக்கிற ஒரு பிள்ளையை உட்கார வைத்து ஒருமுறை எழுதச் சொல்லிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் இதெல்லாம் தெரிந்திருக்கும்.

அதைத்தான் கேட்கிறேன். எங்கள் ஊரில் புதிதாக ஒரு வல்லம் கட்டினால் நேராக வலையை ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போக மாட்டார்கள். வெள்ளோட்டம் விடுவார்கள். எங்கே தண்ணீர் கசிகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சரி செய்த பிறகுதான் தொழில். ஒவ்வொரு செயல்பாட்டையும் மதிப்பெண்ணுக்கு வைக்கும் முன்னால் எங்கள் மாணவர்கள் ஐந்து பேரை வைத்து வெள்ளோட்டம் பாருங்கள். அவர்கள் போனில், அவர்கள் ஊரில்.

வெள்ளோட்டம் பார்த்திருந்தால் பாடத்திலேயே உள்ள கோளாறும் கண்ணில் பட்டிருக்கும். ஐந்தாவது செயல்பாடு பாசிகளைப் பற்றியது. அதில் வந்த படங்கள் குளிர்கடலில் வளரும் கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசி. நம் கரையில் யாரும் பார்த்திராத ஒன்று. அந்தப் படத்தில் பாகங்களின் பெயரை இழுத்து வந்து பொருத்த வேண்டும். இதை எழுத உட்கார்ந்த பெண், விடுமுறை நாட்களில் விரலில் துணி சுற்றிக்கொண்டு அம்மாவோடு கடலில் இறங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குகிறவள். அதன் அறிவியல் பெயர்தான் ஜெலிடியெல்லா. நம் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகாரை அதிலிருந்தும் எடுக்கிறார்கள். கட்டக்கோரையைத் தொட்டாலே சொல்லிவிடுவாள். அது சர்காசம், உணவுப் பொருட்களைக் கெட்டியாக்கும் ஆல்ஜினேட் எடுப்பது. அவளிடம் இத்தனை இருக்க, கெல்ப் படத்தில் பெயர் ஒட்டத் தெரியுமா என்று சோதிக்கிறோம்.

இணையம் இதைவிட நல்ல வேலைக்கு உதவும். 1995-இல் சான் டியகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் வெப்குவெஸ்ட் என்று ஒரு முறையை உருவாக்கினார். மாணவரிடம் உண்மையான ஒரு சிக்கலைக் கொடுப்பது, தேட வேண்டிய பக்கங்களை ஆசிரியரே தேர்ந்து தருவது, ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டு குழுவாக விடை கட்டச் சொல்வது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. முப்பது வருடமாக உலகம் தெரிந்து வைத்திருக்கிற முறை.

அதை நம் கரைக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எங்கள் பெண்கள் பெப்சிப் பாசி என்று சொல்கிற கப்பாஃபைகஸை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து கொண்டுவந்து மிதவைகளில் கட்டி வளர்க்கிற இனம். பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே பாசி மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகளில் பரவியிருப்பதாக ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். வளர்க்கலாமா, கூடாதா? ஒரு மாணவர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படிக்கட்டும். இன்னொருவர் பாசி வளர்க்கும் அக்காவிடம் பேசி ஐந்து நிமிடம் பதிவு செய்யட்டும். மற்றொருவர் கரையில் ஒதுங்கிய பாசிகளைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் பக்கத்தில் எழுதட்டும். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். சிக்னல் வரும்போது ஏற்றிக்கொள்வார்கள். இதற்கு நேரக் கடிகாரம் தேவையில்லை. விடையைக் காப்பி அடிக்கவும் முடியாது.

அப்புறம் மதிப்பீடு. மாணவரை மதிப்பிடுவதைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். செயல்பாட்டை யார் மதிப்பிடுவது? பருவ முடிவில் நீங்கள் அனுப்பிய அறிக்கையில் எத்தனை பேர் உள்ளே நுழைந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள், எத்தனை விழுக்காடு முடித்தார்கள் என்று வண்ண வண்ணமாகக் கட்டங்கள் இருந்தன. கூடவே ஒரு கருத்துப் படிவம்: செயல்பாடு பிடித்திருந்ததா? டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் பயிற்சிகளை எப்படி மதிப்பிடுவது என்று 1959-இலேயே நான்கு படிகளாக எழுதிவைத்தார். பிடித்ததா என்பது முதல் படி. கற்றார்களா, கற்றதைப் பயன்படுத்தினார்களா, அதனால் என்ன மாறியது என்பவை அடுத்த மூன்று. நாம் முதல் படியிலேயே நின்றுவிட்டோம். 34 நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் உங்கள் அறிக்கையில் 'பங்கேற்றவர்' என்ற கணக்கில்தான் வருகிறாள்.

மனதில் இருப்பதை எல்லாம் இன்றே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியே ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி தந்தது. இணையவழிப் படிப்பு இனிமேல் குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது. ஆனால் இந்தச் செயல்பாடுகளை நடத்தும் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மதிய நேரப் பயிற்சி. கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்பு முடிந்து மாலை முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள், ஆய்வுக்குழு வந்தால் காட்டுவதற்காக. மாணவர் எழுதியதைப் படித்து இரண்டு வரி பதில் எழுத அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலியை நம்பியிருக்கிற வீடுகளில் முதலில் நின்றுபோவது போன் ரீசார்ஜ். சரியாக ஏப்ரல் கடைசியில்தான் நீங்கள் மூன்று காணொளிச் செயல்பாடுகளுக்குக் கெடு வைத்தீர்கள். நாட்காட்டியில் எங்கள் கடல் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் இருப்பவர்களில் சிலர் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள். பிள்ளைகள் நன்றாக வர வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

பணிவோடு கேட்பது இதுதான். ஐந்தாவது செயல்பாட்டில் சர்வரில் பதிவாகியிருக்கும் விடைகளைத் திருத்தி, அந்த மாணவிக்கும் அவளைப் போல் இடையில் துண்டிக்கப்பட்ட எல்லோருக்கும் மதிப்பெண் போடுங்கள். நேரம் முடிந்தால் தானாகச் சமர்ப்பிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். அடுத்த பருவத்தின் முதல் செயல்பாட்டை மதிப்பெண்ணுக்கு வைக்கும் முன் வெள்ளோட்டம் பாருங்கள். அதற்கு மாணவர்கள் ஐந்து பேரை நான் தருகிறேன். ஒருத்தி தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டிலிருந்து எழுதுவாள். நீங்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு அவள் அப்பா கடலுக்குப் போனைக் கொண்டுபோகட்டும், என் போனை அவளிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருத்தி,
இராமநாதபுரம் மாவட்டம்