ஜெயாவுக்கு, குமுளியிலிருந்து

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு நடப்பதால் கூடலூர், கம்பம் பக்கமிருந்து விடிவதற்குள் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறி வருகிறார்கள். எங்கள் காஷுவல்ட்டியிலும் அதனால் கூட்டம்தான்.

பதற்ற நோயாளிகளைப் பார்த்து உன் நர்சிங் மாணவிகள் "சும்மா நடிக்கிறாங்க மேடம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கேட்கவில்லை. அவர்களுக்குச் சொல்ல இங்கே நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

தோட்ட வேலைக்கு வந்த ஒரு பெண்ணை மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் வியர்வை, "நான் செத்துருவேன்" என்று ஒரே அழுகை. வேகவேகமாக மூச்சு வாங்கியதில் கைவிரல்கள் குவிந்து விறைத்துவிட்டன. வலிப்பு என்று நினைத்து யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்திருந்தார்கள். சுற்றி நின்ற ஆறேழு பேரும் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று கத்துகிறார்கள். அதுதான் நிலைமையை மோசமாக்கும். ஏற்கனவே அதிகமாக மூச்சு விட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துதான் விரல் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. இன்னும் இழுக்கச் சொன்னால் என்ன ஆகும்?

இ.சி.ஜி., சுகர், ஆக்சிஜன் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருந்தன. அதைப் பார்க்காமல் பதற்றம் என்று முடிவு கட்டவே கூடாது, இதை மாணவிகளிடம் அழுத்திச் சொல். தைராய்டு, ரத்தசோகை, ஆஸ்துமாகூட இப்படிப் படபடப்பைக் காட்டும். அப்புறம் மாமியாரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். "நான் சிஸ்டர். இங்கேயேதான் இருக்கேன். மூச்சை மெதுவா வெளிய விடுங்க." இவ்வளவுதான் பேச்சு. நாலு எண்ணி இழுக்க, ஆறு எண்ணி விட, நானும் கூடவே விட்டேன். இந்த மாதிரிப் பீதித் தாக்குதல் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அவளுக்கும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முன்பெல்லாம் காகிதப் பையை மூக்கில் வைப்பார்களே, அது இப்போது வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து.

நர்சிங் அறிஞர் பெப்லாவ் பதற்றத்தை லேசானதிலிருந்து பீதி வரை நாலு நிலையாகப் பிரித்ததைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? பீதியின் உச்சியில் இருப்பவருக்கு எந்த விளக்கமும் ஏறாது. கூடவே இருக்க வேண்டும், சின்னச் சின்ன வாக்கியத்தில் பேச வேண்டும். சொல்லிக்கொடுப்பதெல்லாம் படபடப்பு அடங்கின பிறகுதான். இதை விட்டுவிட்டு "ரிப்போர்ட் நார்மல், ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பினால், அடுத்த முறை அந்தப் பெண் வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு இ.சி.ஜி. எடுக்கத்தான் போவாள். நெஞ்சு அடித்தது நிஜம், பயமும் நிஜம். "உங்களுக்கு வந்தது இதுதான், இதற்கு வைத்தியம் இருக்கு" என்று பெயர் சொல்லி அனுப்புவது நம் கடமை.

அவளுக்குப் பயம் பிடித்தது ஜீப்பில். மலைப்பாதை வளைவில் ஜீப் ஒன்று கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் ஏறவே பயம், வேலைக்குப் போகாமல் கூலியும் போயிற்று. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரத்தான் செய்யும். டாக்டர் சொன்னபடி படிப்படியாகப் பழக்கினோம். முதலில் ஸ்டாண்டில் நிற்கிற ஜீப்பில் நாத்தனாருடன் சும்மா உட்கார்ந்தாள், பிறகு லோயர் கேம்ப் வரை போய்த் திரும்பினாள். மலை ஏறுவது கடைசியில்தான்.

மாத்திரை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோப்ராம் கொடுத்தார்கள். வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நாலாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிற, உடனே படபடப்பை அடக்கும் அல்பிரசோலம் மாத்திரைத் துண்டுதான் எனக்குப் பெரிய கவலை. பழகிவிட்டால் திடீரென்று நிறுத்தவும் முடியாது. டிஸ்சார்ஜ் நேரத்தில் கணவரையும் உட்கார வைத்து இதைப் பேசுகிறேன்.

ராத்திரியில் பயம் வந்தால் பேச 14416 எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தொடங்கியது 2022-ல். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம் என்பது எங்கள் ஊருக்கு ரொம்ப வசதி.

நீங்கள் வார்டில் கொடுக்கிற மூச்சுப் பயிற்சித் தாள் ஒரு பிரதி அனுப்பு. இங்கே மலையாளத்தில் எழுதித் தர ஒரு சிஸ்டர் ஒத்துக்கொண்டிருக்கிறாள். மாணவிகள் என்ன சொன்னார்கள் என்றும் எழுது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
செல்வி