மேக்ஸ் ஃபால்க்னருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஃபால்க்னர் சார்,

2019-இல் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டி மறுபடியும் வட அயர்லாந்தின் போர்ட்ரஷுக்குப் போனபோது உங்கள் பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1951-இல் நீங்கள் அங்கே ஜெயித்த பிறகு 68 வருடம் அந்தப் போட்டி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டே விஷயத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்: நீங்கள் போட்ட பளபள உடுப்பு, பையன் ஒருவனுக்குப் போட்ட கையெழுத்து. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

கையெழுத்துக் கதை ருசியானதுதான், மறுக்கவில்லை. நான்கில் மூன்று சுற்று முடிந்து ஆறு ஸ்ட்ரோக் முன்னிலை, அதாவது அடுத்தவரைவிட ஆறு அடி குறைவு; கோல்ஃபில் குறைவாக அடித்தவரே ஜெயிப்பார். பையன் நீட்டிய பந்தில் 'ஓப்பன் சாம்பியன் 1951' என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம்! அந்தக் காலத்தில் கடைசி இரண்டு சுற்றும் ஒரே நாளில். கடைசிச் சுற்றில் 74 அடித்தீர்கள். மொத்தம் 285, அர்ஜென்டினாவின் அந்தோனியோ செர்டா 287. ஆறு இரண்டாகத் தேய்ந்ததைப் பார்த்து அந்தப் பையனுக்கு வயிறு கலங்கியிருக்கும். பரிசு 300 பவுண்டு. அதற்கப்புறம் இன்னொரு பிரிட்டிஷ்காரர் அந்தக் கோப்பையைத் தூக்க 1969-இல் டோனி ஜாக்லின் வரவேண்டியிருந்தது.

உடுப்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. துணி வாங்கக்கூட 1949 வரை கூப்பன் கேட்ட நாடு அது. விமானப்படையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்துவிட்டு வந்த மனிதர் கலராகப் போட்டால் என்ன தப்பு? பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டர் மட்டைகளை நூற்றுக்கணக்கில் மாற்றியதும், கரை ஒதுங்கிய மரத்துண்டில் ஒன்று செய்துகொண்டதும் உங்கள் கிறுக்கு. கோல்ஃப் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரராக வேலை பார்த்தவரின் மகனாக மட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அது இருக்கத்தான் செய்யும்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1957 அக்டோபர், யார்க்‌ஷயரின் லிண்ட்ரிக் மைதானம். ரைடர் கோப்பை, அப்போது பிரிட்டனும் அமெரிக்காவும் மோதிய அணிப் போட்டி. 1933-க்குப் பிறகு பிரிட்டன் அமெரிக்காவை ஜெயித்ததே இல்லை. முதல் நாள், இருவர் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டம். நீங்களும் ஹாரி வீட்மனும் தோற்றீர்கள். அணி 1–3 என்று பின்தங்கியது. மறுநாள் எட்டு ஒற்றையர் ஆட்டம், பத்துப் பேரில் இருவர் உட்கார வேண்டும். நான் மோசமாக ஆடினேன், என்னை விட்டுவிடுங்கள் என்று தலைவர் டாய் ரீஸிடம் நீங்களே சொன்னீர்கள். ஓப்பன் சாம்பியன் பட்டம் பெற்றவர், ஐந்தாவது ரைடர் கோப்பை, வயது 41. அது சுலபமாக வாயில் வருகிற வார்த்தை இல்லை சார். வீட்மனும் உட்கார்ந்தார், ஆனால் இனி ரீஸின் கீழ் ஆடமாட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் கொட்டித் தீர்த்து, தடையும் வாங்கிக்கொண்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நானாக இருந்தால் அவர் வழியில்தான் போயிருப்பேன்.

நீங்கள் மைதானம் முழுக்க ஓடினீர்கள். எரிக் பிரவுன் முன்னால் போகிறார், ரீஸ் நொறுக்குகிறார் என்று ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் போய்ச் சேதி சொன்னீர்கள். பின்னால் ஆடுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாத காலம், அந்தச் சேதிக்கு விலை உண்டு. எட்டில் ஆறு வெற்றி, ஒன்று சமன் (அதற்கு அரைப் புள்ளி). 7½–4½ என்று கோப்பை பிரிட்டனுக்கு.

உங்கள் இருவருக்குப் பதிலாக இறங்கியவர்கள் பீட்டர் மில்ஸும் ஹாரி பிராட்ஷாவும். மில்ஸ் அமெரிக்க அணித் தலைவர் ஜாக் பர்க்கையே வீழ்த்தினார். பிராட்ஷா, அந்த வருட அமெரிக்க ஓப்பன் சாம்பியன் டிக் மேயரோடு சமன் செய்தார். ஒன்றரைப் புள்ளி! ரைடர் கோப்பைப் பதிவேட்டிலோ அந்த வருடம் உங்கள் பெயருக்கு நேரே இருப்பது ஒரு ஆட்டம், ஒரு தோல்வி. அடுத்த தடவை யாராவது உங்கள் சட்டையைப் பற்றி எழுதினால், இந்தக் கடிதத்தின் சுட்டியைத்தான் அவருக்கு அனுப்பப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்