எடை மெஷினுக்கு முன்பே தெரிந்துவிடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரிளம் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொத்தப் பழியையும் இன்ஸ்டாகிராம் மேல் போட்டு முடித்துவிட்டீர்கள். அதுவும் காரணம்தான், பிஜித் தீவில் 1995-ல் டிவி வந்து மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, இளைக்க வேண்டும் என்று வாந்தி எடுக்கும் பள்ளி மாணவிகள் இருந்ததை ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் ஒரே ரீல்ஸை வகுப்பு முழுக்கப் பார்க்கிறது, மாட்டிக்கொள்வது ஒன்றிரண்டு பேர்தான். அது ஏன் என்பதைத்தானே சொல்லியிருக்க வேண்டும்?

குடியாத்தத்தில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு மாணவி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "காலை இட்லி 2, சட்னி இல்லை" என்று தினமும் பென்சிலில் எழுதி பக்கத்தில் டிக் போட்டு வைத்திருந்தாள். கல்யாண வீட்டு பிரியாணி சாப்பிட்ட நாளுக்கு மட்டும் பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு. குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. வகுப்பில் முதல், 98 வாங்கினால் போன இரண்டு மார்க்குக்காக அழுகிறவள்.

ஆபத்து இந்த மாதிரி யோசனையில்தான் ஆரம்பிக்கிறது. ஒன்று முழுசாகச் சரி, இல்லையென்றால் எல்லாமே போச்சு. மற்ற பிள்ளைகள் படிப்பு, சிநேகிதம், கபடி என்று பலதையும் வைத்துத் தங்களை மதிக்கும்போது, இவர்கள் எடையையும் உருவத்தையும் மட்டும் வைத்து மதிப்புப் போடுகிறார்கள். உணவுக் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோயின் மையமே இதுதான் என்கிறார் இதை ஆராய்ந்த மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன். அப்புறம் பசியும் சேர்ந்துகொள்கிறது. 1944-45-ல் அமெரிக்காவில் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள், அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை, சிலர் சமையல் குறிப்பு சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நாம் பிடிவாதம், திமிர் என்று திட்டுவதில் பாதி பட்டினி செய்கிற வேலை.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் எந்த அம்மா சந்தேகப்படுவார்? "என்னடி இப்படி ஊதிட்ட?" என்று கேட்ட அதே அத்தை, இளைத்ததும் "இப்பதான் லட்சணமா இருக்க" என்கிறார். ஜிம்முக்குப் போகும் பையன்கள் சோற்றைத் தொடாமல் இருந்தால் அது கட்டுப்பாடு, பாராட்டு வேறு.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் கேஸ் டிரபிள், ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கமே போகிறார்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையாவது அந்தக் கட்டுரையில் போட்டிருக்கலாம்.

இன்னொன்று. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே "பத்து நாளில் ஐந்து கிலோ" டிப்ஸ் வந்திருந்தது. அந்தப் பகுதியை எப்போது நிறுத்தப்போகிறீர்கள்?

– ஒரு வாசகி, குடியாத்தம்