இலவசம் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் செலவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: "அமெரிக்க ராணுவத்தில் சில வருடம் இருந்துவிட்டு வந்தால் கல்லூரிப் படிப்பு முழுக்க இலவசம்." இலவசம் என்ற அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

நான் அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருடம் இருந்தவள். 2008-இல் கணவரின் வேலை விசாவில், ஒரு வயதுக் குழந்தையோடு டெக்சஸுக்கு வந்தேன். ஊரில் கல்லூரி இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றிருந்தது. இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. அப்போதுதான் மாவ்னி என்ற திட்டம் வந்தது. பச்சை அட்டை இல்லாதவர்களையும், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தால் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தாய்மொழியை நம்பி 2010-இல் சேர்ந்தேன். பத்து வாரப் பயிற்சியில் முழங்கால் வீங்கியபடி மண்ணில் தவழ்ந்த நாட்களில், வீட்டில் என் மகள் முதல் முறையாகத் தானே சாப்பிடக் கற்றுக்கொண்டாள். அதை நான் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு வருடம் வெளிநாட்டுப் பணி. அவள் பள்ளிக்குப் போன முதல் நாளையும் பார்க்கவில்லை. இந்தக் கணக்கையெல்லாம் எழுதிவிட்டு அடியில் இலவசம் என்று போட யாருக்கும் மனம் வருமா, சொல்லுங்கள்.

மாவ்னி பற்றி நம் பத்திரிகை முன்பு ஒருமுறை எழுதியதும் நினைவிருக்கிறது. "குறுக்கு வழியில் குடியுரிமை" என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். அன்றும் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. 2016-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பின்னணிச் சோதனை முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி நம் பக்கங்களில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு பெரியவர், "ராணுவத்தில் சமையலா செய்தாய் அம்மா?" என்று கேட்டார். அவர் கெட்டவரில்லை. எங்களைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நீங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தோழியின் மகனுக்குப் பதினெட்டு வயது. உங்கள் கட்டுரையைப் போனில் காட்டி, "ஆன்ட்டி, நான் ரிசர்வில் சேரப்போகிறேன், நாலு வருடக் காலேஜ் ஃப்ரீ" என்றான். மாதம் ஒரு வார இறுதி போய்வரும் ரிசர்வ் பணிக்கு போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில், அதாவது ராணுவத்தில் இருந்தவர்களின் படிப்புக்கு அரசு தரும் முக்கியச் சலுகை, கிடைக்காது. அவர்களுக்கு இருப்பது வேறு ஒரு சிறிய உதவித்தொகை. முழுநேரப் பணியிலும் படிப்படியாகத்தான் சலுகை கூடும். 90 நாள் பணிக்குப் பாதி. 36 மாதம் முடித்தால்தான் முழுதும். முழுதும் என்பதற்கும் எல்லை உண்டு. அரசுப் பல்கலைக்கழகமானால், அந்த மாநிலத்தவருக்கான உள்மாநிலக் கட்டணம் முழுக்க. தனியார் கல்லூரியானால் வருடத்துக்கு ஓர் உச்சவரம்பு வரைதான் (2025-26-இல் ஏறத்தாழ 29,900 டாலர்), அதற்கு மேல் அந்தக் கல்லூரி எல்லோ ரிப்பன் திட்டத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கைக்காசு. இவ்வளவையும் அந்தப் பையனிடம் நான் சொன்னபோது அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஜி.ஐ. பில்லில் அரசு தருவது 36 மாதப் படிப்பு. நான்கு கல்வியாண்டுக்கு அது சரியாக வரும். டாலராக எண்ணாமல் மாதமாக எண்ண வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முழுநேரம் படித்தால் கட்டணம் ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் கழிவது அதே மாதம்தான்.

நான் தொலைத்தது 14 மாதம். பணியை விட்டு வெளியே வந்த வாரமே ஒரு தனியார் லாபக் கல்லூரியிலிருந்து போன் வரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு மூன்று முறை. "உங்கள் சேவைக்கு நன்றி" என்று தொடங்குவார்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம், எல்லாவற்றையும் ஜி.ஐ. பில் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஏன் எங்களை இப்படித் துரத்தினார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. லாபக் கல்லூரிகள் தங்கள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்தியக் கல்வி உதவியிலிருந்து எடுக்கக்கூடாது என்று விதி. ஜி.ஐ. பில் பணமோ அந்தக் கணக்கில் சேராமல் மீதிப் பத்தில் போய் உட்கார்ந்தது. எங்களில் ஒருவரைப் பிடித்தால் அவர்களுக்கு இன்னும் ஒன்பது பங்கு மத்திய உதவி வாங்க வழி திறந்தது. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு 2023-இலிருந்துதான் அந்த ஓட்டை அடைபட்டது. எனக்கு அது உதவவில்லை. 14 மாதம் கழித்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போனபோது, அந்தக் கல்லூரியில் நான் படித்ததில் ஒரு கிரெடிட்டைக்கூட (பட்டத்துக்கு எண்ணும் பாட அலகு) ஏற்கவில்லை. ஐ.டி.டி. டெக் என்ற லாபக் கல்லூரி 2016-இல் இழுத்து மூடப்பட்டபோது அங்கே படித்த முன்னாள் வீரர்களுக்கு, இழந்த மாதங்களைத் திருப்பித் தர 2017-இல் சட்டம் வந்தது. நான் படித்த இடம் மூடப்படவில்லை. அதனால் என் மாதங்கள் போனவை போனவையே. ஆன்லைனில் மட்டும் படித்ததால் ஜி.ஐ. பில்லில் வரும் வீட்டுவாடகைப் படியும் தேசியச் சராசரியில் பாதிதான் வந்தது. ஒரே ஒரு வகுப்பை நேரில் எடுத்திருந்தால் எங்கள் ஊர் அளவுக்கு வந்திருக்கும்.

இன்னொன்றை எழுதக் கை நடுங்குகிறது. பயன்படுத்தாத மாதங்களைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். சீருடையில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டுமாம். ஆறு வருடம் முடித்து, மேலும் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நான் விலகும் நாளில் என் ஆறு வருடம் முடிந்திருந்தது. அந்த ஒரு படிவத்தைப் பற்றி யாராவது வாய் திறந்திருந்தால் நான்கு வருடம் தாங்கியிருப்பேனோ என்னவோ. யோசிக்கவாவது செய்திருப்பேன். பணியில் இருக்கும்போதே கிரெடிட்டுக்கு 250 டாலர், வருடத்துக்கு 4,500 டாலர் வரை டியூஷன் அசிஸ்டன்ஸ் என்ற கட்டண உதவி உண்டு, அதைத் தொட்டால் ஜி.ஐ. பில் மாதம் குறையாது. அதிலும் ஒரு டாலர்கூட நான் எடுக்கவில்லை.

கையில் மிஞ்சிய 22 மாதத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஐந்து செமஸ்டர் ஓட்டினேன், 75 கிரெடிட். பணியில் இருந்தபோது கூட இருந்த ஒரு சார்ஜென்ட் அக்கா வற்புறுத்தி எழுதவைத்த இரண்டு கிளெப் தேர்வுகளும் (வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதியே கிரெடிட் வாங்கும் வழி), என் ராணுவப் பயிற்சிக்குக் கிடைத்ததும் சேர்ந்து 15. பாக்கி 30-க்கு வழியில்லாமல் நின்றபோது, பல்கலைக்கழகத்தில் முன்னாள் வீரர்களுக்கான அலுவலகத்தில் ஒரு பெண்மணி, "நீங்கள் டெக்சஸில்தானே சேர்ந்தீர்கள், ஹேசல்வுட் கேட்டீர்களா?" என்றார். அன்றுதான் முதல் முறையாக அந்தப் பெயரைக் கேட்டேன். டெக்சஸில் ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு, அரசுப் பல்கலைக்கழகங்களில் 150 கிரெடிட் வரை கட்டண விலக்குத் தரும் மாநிலச் சட்டம் அது. 30-ஐ நான் எடுத்துக்கொண்டேன். மிச்சம் 120. ஒரு பட்டத்துக்கு வேண்டியதும் 120. அதை மகளுக்குக் கொடுக்க இப்போதும் முடியும், அவள் 25 வயதைத் தாண்டக்கூடாது. அவள் வரும் ஆகஸ்டில் சேர்கிறாள். விடுதிக்கும் புத்தகத்துக்கும் அதில் பணம் வராது, நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.ஐ. பில் மாதங்களை மாற்றிக் கொடுத்திருந்தால் அவளுக்கு வாடகைப் படியும் வந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் தூக்கம் போய்விடுகிறது.

நம்மவர் பலர் ஜி.ஐ. பில் இருக்கிறதே என்று மத்தியக் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பமே போடுவதில்லை. முன்னாள் வீரர் என்றால் பெற்றோர் வருமானத்தைக் கேட்காமல் தனி மாணவராகவே கணக்கில் எடுப்பார்கள். தகுதி இருந்தால் பெல் உதவித்தொகை வருடத்துக்கு 7,395 டாலர் வரை, ஜி.ஐ. பில்லோடு சேர்த்தே கிடைக்கும். நானும் முதல் இரண்டு வருடம் போடவில்லை.

1944-இல் அதிபர் ரூஸ்வெல்ட் முதல் ஜி.ஐ. பில்லில் கையெழுத்திட்டதிலிருந்து இன்றுவரை இது யாரும் போட்ட பிச்சை இல்லை ஐயா. உழைத்து ஈட்டிய கூலி. கூலியை இலவசம் என்று எழுதினால் அதை வாங்குகிறவனும் எண்ணிச் செலவழிக்க மாட்டான். நான் எண்ணவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதன் கீழே ஒரு சிறு பெட்டியில் இந்த மூன்றை மட்டும் சேர்த்தால் போதும்: பிள்ளைக்கு மாற்றுவதானால் சீருடையில் இருக்கும்போதே கேட்க வேண்டும், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே வாங்கும் கிரெடிட்டை அரசுப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், தங்கள் மாநிலத்தில் முன்னாள் வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தோழியின் மகன் அடுத்த மாதம் கையெழுத்துப் போடப் போகிறான். இதழ் அதற்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீராங்கனை ஒருத்தி,
டல்லாஸ், டெக்சஸ்