டப்பாவை இடம் மாற்றிவிட்டேன்

அன்புள்ள மல்லிகா,

தீபாவளி முடிந்ததும் எழுதுகிறேன் என்றவள், பொங்கலையும் தாண்டிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் நலம். தம்பிக்கு முட்டி வலி. அம்மாவுக்கு வழக்கம்போல எதிர்வீட்டோடு சண்டை. உன் வீட்டுக்காரரின் மெடிக்கல் ஷாப் எப்படிப் போகிறது? சானிட்டரி பேட் கேட்டால் இன்னமும் பழைய பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டு, கள்ளக்கடத்தல் தங்கம் மாதிரிதான் நீட்டுகிறாரா?

காரணமாகத்தான் கேட்கிறேன். அந்த வியாபாரம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. வியாபாரம் என்று சொல்லக்கூடாது, எல்லாம் இலவசம். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக விடுதியில், பெண்கள் கழிப்பறைகளில் கூடை வைத்துப் பேட் போடவேண்டும் என்று மாணவர்களே கேட்டு வாங்கினார்கள். ஸ்டோர் சாவி என்னிடம் இருப்பதால் நிரப்பும் வேலையும் என் தலையில்.

முதல் வாரம் காலையில் நிரப்பினால் மத்தியானம் கூடை காலி. "பார்த்தாயா, அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்றார் மேலாளர். மூன்றாவது வாரம் தானாக அடங்கிவிட்டது. நாளைக்கும் இருக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டால் யார் பதுக்கப்போகிறார்கள்? ஸ்காட்லாந்தில் 2022 ஆகஸ்டிலிருந்து பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் இலவசமாக வைத்தே ஆகவேண்டும் என்று சட்டமாம், அந்த மாணவர் குழுவில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள். உங்கள் இந்தியாவில்கூட 2018லேயே நாப்கினுக்கு வரியை எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு பாக்கெட் வாங்கினால் அதற்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஏதோ நாம் ஆசைப்பட்டு வாங்குகிற மாதிரி!

கூடையில் சில கப்பும் வந்தன. பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ளும் மெத்தென்ற சிலிக்கோன் கிண்ணம். நான் ஊறுகாய்க்கு என்று நினைத்தேன், சிரிக்காதே. 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாமாம், கொதிக்க வைத்துக் கழுவி வருஷக்கணக்கில் பயன்படுத்தலாமாம். நம் காலத்தில் இது இருந்திருந்தால் 'ரயில் வண்டி' ஓட்டியிருக்கவே வேண்டாம். கறை தெரியாமல் இருக்க நீ என் முதுகில் ஒட்டிக்கொண்டு பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்த அந்த நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெள்ளைப் பாவாடையைச் சீருடையாக வைத்த புண்ணியவான் யாரோ.

சரி, இதுவரை நல்ல கதை. அப்புறம் ஒரு டப்பா வந்தது. ஆணுறை டப்பா. அதை என் மேசை ஓரத்தில் வை என்றார்கள். கேமரா இல்லாத இடம், இரவு பத்து வரை ஆள் இருக்கும் இடம் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். கூடவே ஒரு கையேடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில் எதுவும் பட்டால் ரப்பர் இற்றுப்போகுமாம். உன் மாமியார் நினைவு வந்தது. தேங்காய் எண்ணெயால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு என்று அவரிடம் சொல்லிவிடு! கடைசிப் பக்கத்தில், பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை நம்பர் எதுவும் கொடுக்காமலே எச்ஐவி சோதனை செய்துகொள்ளலாம் என்று போட்டிருந்தது. இந்த ஊரில் ஐசி கேட்காமல் நடக்கும் ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அதைப் படித்த எனக்கு, அந்த டப்பாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது உறைக்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை இரவு ஒரு பிள்ளை வந்தாள். நம் பிள்ளை, தமிழ்ப் பெண். நெற்றியில் சின்னக் கீற்றாகத் திருநீறு. டப்பா பக்கம் கை போனது. நான் வாய் சும்மா இருக்காமல், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அவள் கை அப்படியே திரும்பி, பக்கத்தில் கிடந்த என் பேனாவை எடுத்துக்கொண்டது. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று பேனாவோடு போய்விட்டாள். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தம்பி பெண்டாட்டியிடம்கூடச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஆன்ட்டி, வார இறுதியில் எந்த கிளினிக் திறந்திருக்கும்?" இவ்வளவுதான் கேட்டாள். என் வயிற்றில் என்னவோ செய்தது. கரு தங்காமல் தடுக்கும் அந்த அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, இன்னொரு வகைக்கு ஐந்து நாள் வரை தாங்கும் என்றெல்லாம் அந்தக் கையேட்டில்தான் படித்திருந்தேன். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் அது கிடைக்காது. உங்கள் பக்கம் சீட்டே தேவையில்லை, ஆனாலும் கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை என்று நீதான் ஒருமுறை பொருமினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. 24 மணி நேர கிளினிக் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுதப் பேனா தேடினேன். அவள் தன் பையிலிருந்து என் பேனாவை எடுத்து நீட்டினாள் மல்லிகா.

காய்ச்சலுக்காகப் போயிருக்கலாம். பல்வலியாகவும் இருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. நம் கவிதா வயதுதான் இருக்கும். 2019இல் உயர்நிலைப்பள்ளி முதல் வகுப்பில் இருந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பள்ளியிலேயே இலவசமாகப் போட்டார்களே, அந்தச் செட்டு. அவர்களுக்கு ஊசி போடும்போது இந்த ஊர் வெட்கப்படவில்லை. நான் என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

திங்கட்கிழமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் அறையில், மூன்றாவது மெஷினுக்கு மேல் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டேன். காற்றோட்டமான இடம், வெயில் படாது, எந்த ஆன்ட்டியும் இல்லை. மேலாளரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு கூட்டம் போடுவார். வியாழக்கிழமை பார்த்தேன், பாதி காலி.

அந்தப் பிள்ளையை நேற்று லிப்டில் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாடி. ஏதாவது சொல்லலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு நான் செய்யும் உதவியா? உனக்கு என்ன தோன்றுகிறது? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அவர் கடைக்குப் போன பிறகு எடு.

வடகம் தீர்ந்துவிட்டது.

உன்,
சாந்தி