அம்மா பக்கத்தில் இருக்க எழுதும் நன்றி நவிலல்

யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் 16 வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை அழைப்போடு சேர்ந்து வரும் 'நன்றி நவிலல்' எத்தனை நூறு அடித்திருப்பேனோ தெரியாது. நேரில் வந்தோர், தொலைபேசியில் துயர் பகிர்ந்தோர், மலர்வளையம் வைத்தோர், பந்தல் போட்டோர் என்று கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன். இந்த மடல் அப்படி வராது. இதற்குரியவர் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "62 என்று போடாதை, எனக்கு 61தான்" என்று திருத்துகிறார். அம்மாதான்.

இரண்டு வருடமாக அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு நோ. கலியாணவீட்டுச் சாப்பாடோ இறைச்சிக்கறியோ, எண்ணெயாக எது உள்ளே போனாலும் அன்றிரவு வந்து, வலது தோள்பட்டைக்குப் பின்னால் குத்தும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போய்விடும். வாய்வு என்றார்கள். நாங்களும் வாய்வு என்றோம். வழமையாக மருந்தெடுத்த ஓரிடத்தில் வாய்வுக் குளிசையே மாறி மாறித் தந்தார்கள். வயிற்றில் ஒருமுறை கைவைத்துப் பார்க்கவில்லை. பெயர் சொல்லமாட்டேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

பிறகு கண் மஞ்சளானது. அயலில் உள்ள ஐயா செங்கமாரி என்று சொல்லி, கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து தந்தார். காசு வாங்கவில்லை. ஒரு கிழமை அதில் போனது. எட்டாம் நாள் இரவு அம்மா காய்ச்சலில் கட்டில் ஆட நடுங்கினா. அப்போது, "இது என்ர மருந்துக்கு அடங்காது பிள்ளை, அம்புலன்சுக்கு 1990 அடி" என்று சொன்னவரும் அதே ஐயாதான். அதனால் முதல் நன்றி அவருக்கு. அம்புலன்ஸ் திரும்ப இடமில்லாத எங்கள் ஒழுங்கையில், இரண்டு பக்கக் கதியால் வேலியிலும் முட்டாமல் அம்மாவைத் தூக்கிவந்த தம்பிமாருக்கு அடுத்தது.

போதனா வைத்தியசாலை வாட்டில் இரவு இரண்டு மணிக்கு ஒரு இளம் வைத்தியர் வந்தா. அதிகம் கதைக்கவில்லை. மூன்றே கேள்வி. "அம்மா, சலம் என்ன நிறம்? மலம் என்ன நிறம்? உடம்பு கடிக்குதா?" அம்மா வெட்கப்பட்டு என்னைப் பார்த்தா. சலம் பிளேன்ரீ மாதிரி, மற்றது அரிசிமாக் களி மாதிரி என்று மெல்லச் சொன்னா. கடிக்கு நாங்கள் மூன்று சவர்க்காரம் மாற்றியிருந்தோம். வைத்தியர் சட்டையை விலக்கிப் போன் வெளிச்சத்தில் முதுகைப் பார்த்தா. அம்மா ஈர்க்குக்கட்டால் சொறிந்த கோடுகள், வரம்பு வரம்பாக. இரண்டு வருடத்தில் ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மடல் அந்த மூன்று கேள்விக்காகத்தான்.

அம்மா வெங்காயத் தோட்டக்காரி என்று அறிந்ததும் வைத்தியர் ஒரு துண்டுக்குப் பின்புறம் படம் கீறினா. ஈரல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் வரை பித்தநீர் சுரக்கும். பித்தப்பை அதில் கொஞ்சத்தைச் சேர்த்துவைக்கும் தொட்டி. தொட்டியில் உருவான கல் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்கி அடைத்தால் குடல் என்ற பாத்தி காயும். மலம் வெளிறுவது அதனால். பின்னால் தேங்கினது வரம்பு மீறி இரத்தத்தில் பாயும். கண்ணும் சலமும் நிறம் மாறுவது அதனால். தேங்கினதில் கிருமி பிடித்தால் இந்த நடுக்கம். ஈரல் அழற்சியில் வரும் செங்கமாரி வேறு, அடைப்பால் வரும் இது வேறு என்றும் சொன்னா. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தது 19ஆம் நூற்றாண்டில். அந்த வழக்கம் இந்த ஊரில் முழுதாக அறுந்துபோகவில்லை என்று அந்தத் துண்டைப் பார்க்கும்போது தோன்றியது. அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறா.

ஸ்கானில் பித்தப்பை நிறையக் கல். அந்த வாய்க்கால், பித்தநாளம், 11 மில்லிமீற்றர் அகலம். வழக்கமாக 6 அளவில் இருக்கவேண்டுமாம். ஆனால் நாளத்தின் கீழ்முனை தெரியவில்லை, குடலில் வாய்வு மறைக்கிறது என்றார்கள். இரண்டு வருடமாகப் பழி சுமந்த வாய்வு கடைசியில் வந்த இடம் இது! அதனால் காந்த இயந்திரத்தில் நாளத்தைப் பார்க்கும் எம்.ஆர்.சி.பி. படம் எடுக்க வேண்டியிருந்தது. நகை ஒன்றும் இருக்கக்கூடாது. தாலிக்கொடியைக் கழற்ற அம்மா மாட்டேன் என்று நின்றா. வரிசையில் ஆட்கள் காத்திருக்க, நூலில் மஞ்சள்துண்டு கட்டி அம்மாவின் கழுத்தில் போடும்வரை பொறுத்த அந்தத் தங்கச்சிக்கு நன்றி. நாளத்தில் இரண்டு கல் தெரிந்தன.

ஈ.ஆர்.சி.பி.க்கு எங்களுக்கு நாள் கிடைத்தது கொழும்பில். வாய்வழியாகக் குழாய் விட்டு, நாளம் குடலில் திறக்கும் வாசலைச் சிறிது வெட்டி, பலூனால் கல்லை இழுத்தெடுத்து, பித்தநீர் ஓட ஒரு பிளாஸ்ரிக் குழாய் வைத்தார்கள். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் விற்றமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறையப் பிந்தும் என்று முதலே ஊசி போட்டார்கள். கணையம் வீங்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அன்று அம்மாவுக்குத் தண்ணீரும் இல்லை. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா பஞ்சை நனைத்து நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தா. இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு சொல்கூட இல்லை. இந்த மடல் அவவுக்கு விளங்காது. பரவாயில்லை.

அப்புறம் நாங்கள் செய்த பிழை ஒன்று. அம்மா தேறியதும் உள்ளே குழாய் இருப்பதையே மறந்துவிட்டோம். மூன்று மாதமளவில் எடுக்காவிட்டால் அதுவே அடைத்துக் கிருமி பிடிக்குமாம். தேதி தவறிய மறுநாளே கிளினிக்கிலிருந்து ஒரு தாதி கூப்பிட்டு நன்றாக ஏசினா. அந்த ஏச்சுக்கு நன்றி. குழாயை எடுத்த பின், நாலு சின்னத் துளையில் பித்தப்பையையும் யாழ்ப்பாணத்திலேயே எடுத்தார்கள். கல்லைப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். அம்மா எண்ணினா: 23. சாம்பாருக்குப் போடும் பருப்பளவு, தேய்ந்து முகம் பட்டவை.

தயிர், இளனி, சோறு கட்டிவந்த ஒழுங்கைச் சனம் எல்லாருக்கும், சொல்லாமலே என் பக்கங்களையும் சேர்த்து அடித்துத் தந்த அச்சகத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி.

அம்மா இன்னொன்றும் போடச் சொல்கிறா. வாட்டில் முதல் நாள் யாரோ சுடுதண்ணீரோடு தந்த நீலப் பிளாஸ்க் எங்களிடமே இருக்கிறது. மூடியில் சின்ன உடைவு. அது முதலே இருந்தது. கழுவி அச்சகத்தில் வைத்திருக்கிறேன். உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அம்மாவின் மூத்த மகள்,
கோண்டாவில்.