கயலின் 338 மார்க்கும் இனி செய்ய வேண்டியதும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. மாங்காய் விலை பற்றி நீ புலம்பியிருப்பதற்கு இன்னொரு நாள் சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன். முதலில் உன் மகள் கயலின் மருத்துவப் படிப்பு விஷயம்; நீட் தேர்வில் அவள் 720க்கு 338 எடுத்திருக்கிறாள். அதற்குத்தான் நாள் குறைவு.

"நீட் பாஸ் ஆகிவிட்டாள், அப்புறம் ஏன் சீட் இல்லை என்கிறார்கள்?" என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. 'பாஸ்' என்ற சொல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. இந்த 2025 தேர்வை 22,09,318 பேர் எழுதினார்கள். 12,36,531 பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசும் தனியாருமாகச் சேர்த்து ஏறத்தாழ 1.18 லட்சம். தகுதி மார்க் என்பது பொதுப் பிரிவுக்கு 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. அது கவுன்சலிங் வாசல் வரை போக டிக்கெட், உள்ளே நாற்காலி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்தது, போன வருஷ கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதே. 2024இல் திருத்திய முடிவிலேயே 17 பேர் 720க்கு 720 வாங்கினார்கள். இந்த வருஷம் அகில இந்திய முதல் மார்க்கே 686. இயற்பியல் வினாத்தாள் பிள்ளைகளை அடித்துப் போட்டுவிட்டது. ஆக இரண்டு வருஷ மார்க்கையும் ஒப்பிட முடியாது. பார்க்க வேண்டியது ரேங்க், அதிலும் தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியலில் பி.சி. பிரிவுக்குள் அவள் எத்தனையாவது இடம் என்பது. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவத் தேர்வுக் குழு அந்தப் பட்டியலை வெளியிடும்போது சமூகப் பிரிவு வாரியான ரேங்க்கும் அதிலேயே இருக்கும்.

அது வரும்வரை காத்திருக்காமல் நேராகச் சொல்லிவிடுகிறேன். 338க்கு அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். கிடைக்காது. அரசுக் கல்லூரியிலும் கிடைக்காது, தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டிலும் கிடைக்காது. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றிக் கேட்டிருந்தாய். அது 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கயல் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. பெயரில் 'அரசு' இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். அவளுக்கு அது பொருந்தாது. அகில இந்திய 15 சதவீத ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் இன்னும் மேலே நிற்கும். அதற்குப் பதிவு செய்வதானால் நம் பி.சி. அட்டை செல்லாது, மத்திய அரசு படிவத்தில் எடுத்த ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வை. கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள்தான்.

இனி பணம் கொடுத்துச் சேருவது. நகையையும் தோட்டத்தையும் பற்றி நீ எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் 2024இல் ஆண்டுக்குச் சுமார் 13.5 லட்சம். நாலரை வருஷத்துக்கு 60 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம் தனி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கே 20 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அங்கே கவுன்சலிங்கில் உட்காரவே 2 லட்சம் முன்பணம் கட்ட வேண்டும். இரண்டாம் சுற்றில் சீட் ஒதுக்கி நீ சேராவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. வங்கிக் கடன் 7.5 லட்சம் வரை ஈடில்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். இன்னொன்று, நிர்வாக ஒதுக்கீடு உட்பட எல்லா இடமும் கவுன்சலிங் வழியாகத்தான். "கவுன்சலிங் வேண்டாம், நேரடி சீட்" என்று எவனாவது போன் செய்தால் அவன் சீட் விற்கவில்லை, வெறும் காற்றை விற்கிறான்.

வெளிநாடு போகலாமா என்று கயல் கேட்டாளாம். 2021 நவம்பரில் வந்த விதியை அவளையே படித்துப் பார்க்கச் சொல். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி வேண்டும், படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி கிடைக்க வேண்டும், சேர்ந்த நாளிலிருந்து 10 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். திரும்பி வந்து இங்கே 300க்கு 150 எடுத்தால்தான் தேறக்கூடிய ஒரு தேர்வு, பிறகு மறுபடி ஒரு வருஷப் பயிற்சி. 2024 ஜூன் பருவத்துக்கான அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். ஏஜென்ட் காட்டும் கட்டணத் தாளில் இதெல்லாம் இருக்காது. நீட்டில் இயற்பியலும் வேதியியலும் தடுமாறிய பிள்ளைக்கு அயல்நாட்டு வகுப்பறை அதைச் சரிசெய்து கொடுக்காது என்பது என் கணக்கு.

இன்னொரு வருஷம் எழுதட்டுமா? இதற்கு மார்க்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிரியல் 360க்கு 210, வேதியியல் 180க்கு 78, இயற்பியல் 180க்கு 50. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு; அந்த நெகட்டிவ் மார்க்கால்தான் போச்சு என்கிறாய். அவளுடைய ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் இறுதி விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து எண்ணியதில் இயற்பியலில் 40 கேள்வி தொட்டு 18 சரி, 22 தவறு என்று எழுதியிருந்தாய். 72இலிருந்து 22 போய் 50. சரி, அந்த 22ஐயும் தொடாமல் விட்டிருந்தால்? 338 என்பது 360 ஆகியிருக்கும். சீட் அப்போதும் இல்லை. குறை துணிச்சலில் இல்லை முருகேசா, 45இல் 18தான் தெரிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கண்ணை மூடி அடித்தாலே நாலில் ஒன்று சரியாகும், அதனால் ஊகத்தைத் திட்டிப் பயனில்லை. பாடம் ஏறவில்லை.

அதனால் ஒரு சோதனை சொல்கிறேன். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய். 2023, 2024 வினாத்தாள்களை எடுத்து மதியம் 2 மணிக்கு உட்கார வை, 5 மணிக்கு வாங்கிவிடு. இடையில் மூன்று வாரம் இயக்கவியலும் மின்னியலும் மட்டும் படிக்கட்டும். இரண்டாவது தாளில் இயற்பியல் 80ஐத் தாண்டினால் ஒரு வருஷம் கொடுக்கலாம். உயிரியல் அவளுக்கு வரும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் படத்துக்குக் கீழே இருக்கும் சிறு எழுத்து வரை படித்தால் 300ஐ எட்ட முடியும். தாண்டாவிட்டால் மூன்று வருஷம் ரிப்பீட்டராக உட்கார்ந்து கணக்கைப் பார்த்தாலே பயப்படும் பெண்ணாக அவளை ஆக்கிவிடாதே.

இப்போது மாற்றுப் படிப்புகள். இங்கே அவள் கையில் நல்ல துருப்புச் சீட்டு இருக்கிறது, அதை நீங்கள் யாரும் பார்க்கவேயில்லை. பிளஸ் டூவில் உயிரியல் 94, இயற்பியல் 82, வேதியியல் 88. நர்சிங்குக்கும் பாராமெடிக்கல் படிப்புகளுக்கும் கணக்கு இப்படி: உயிரியல் முழுதாக 100க்கு, மற்ற இரண்டும் பாதிப் பாதி. 94, 41, 44, ஆக 200க்கு 179. இதற்கு நீட் மார்க் வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் போட்டி கடுமை, விண்ணப்பமும் பிளஸ் டூ முடிவு வந்த சில வாரங்களில் மூடிவிடும். நீட் முடிவையே பார்த்துக்கொண்டிருந்து அதைக் கோட்டைவிடும் குடும்பங்கள் வருஷா வருஷம் உண்டு. கயல் போட்டாளா?

நீட் மார்க்கை வைத்தே போகக்கூடியவை பல் மருத்துவமும் சித்தாவும். எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே விண்ணப்பம், போட்டு வை. தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் கடைசிச் சுற்றுகளில் ஏதாவது விழலாம். ஆனால் படித்து முடித்தபின் கிளினிக் வைக்கக் கையில் முதல் வேண்டும். சித்தாவுக்கு விண்ணப்பமே வேறு, இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை நடத்துவது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம், ஆனால் சித்தாவில் நம்பிக்கை இருந்தால் மட்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்காததற்கு ஆறுதலாகச் சேருகிறவர்கள் இரண்டாம் வருஷமே சலித்துப் போகிறார்கள்.

நர்சிங் என்றதும் தங்கச்சி முகம் சுளித்திருப்பாள். நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு செய்தால், எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் தேர்வு எழுதலாம். அடிப்படைச் சம்பளம் 44,900லிருந்து தொடங்குகிறது. மூன்று வருஷ ஜி.என்.எம். என்ற நர்சிங் பட்டயம் படித்தவர்களுக்கு அதற்கு இரண்டு வருஷ அனுபவம் கூடுதலாகக் கேட்பார்கள். அதனால்தான் பட்டயத்தை விடப் பட்டத்தை எடு என்கிறேன். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக பி2 என்ற நிலை வரை ஜெர்மன் மொழி படிக்க வேண்டும், அதைப் படிக்கும்போதே தொடங்கலாம். ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கு நீட் மார்க்கை வைத்துத்தான் அழைப்பார்கள், ஜிப்மரிலும் பி.எஸ்சி. படிப்புகளுக்கு நீட்தான். அந்த 338 முழுக்க வீண் இல்லை.

கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதே, கட்டிலைப் பார். நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லாமல் போய் வெளிநோயாளி வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், வார்டில் போர்வை கசங்கியிருக்கிறதா, இல்லை மடித்தபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா. நோயாளி இல்லாத இடத்தில் பிள்ளைகள் பொம்மைக்கு ஊசி போட்டே பட்டம் வாங்குவார்கள். பக்கத்து மாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்கள் உங்கள் ஊர்ப் பக்கம் இப்போது சுற்றுவார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதே.

பாராமெடிக்கலில் என் ஓட்டு டயாலிசிஸுக்கும் ரேடியோகிராபிக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் கூட மையங்கள் பெருகிவிட்டன, ஆள் தேவை. வேலை என்றால் பொத்தானை அழுத்துவது இல்லை. கையில் இரத்தக்குழாய் இணைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்து அதிர்வு இருக்கிறதா என்று உணர வேண்டும், சுத்திகரித்த நீரில் குளோரின் சரிபார்க்க வேண்டும், நடுவில் இரத்த அழுத்தம் சட்டென்று விழும்போது முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோகிராபியில் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் கல்லூரி மருத்துவமனையில் இருக்க வேண்டும், எக்ஸ்ரே மட்டும் இருந்தால் சேராதே. இதய அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டும் பெர்ஃப்யூஷன் படிப்புக்குச் சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் அந்த அறுவை நடக்கும் ஊர்களில் மட்டுமே வேலை. இயன்முறை மருத்துவத்துக்கான சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, அந்தந்த வருஷத் தகவல் குறிப்பேட்டைப் படித்துவிட்டுப் போடு. பி.பார்ம். நாலு வருஷம், மருந்துக் கடையோடு நின்றுவிடாமல் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு வரை போகலாம்.

பேருந்து நிலையத்து மாடியில் "பாராமெடிக்கல் டிப்ளமோ, ஆறே மாதம்" என்று போர்டு தொங்குமே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2021 சட்டப்படி துணை மருத்துவப் படிப்புக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் பாடமும் பயிற்சியும் வேண்டும், சுகாதாரத் தொழில்முறைப் பட்டத்துக்கு 3,600. ஆறு மாதத்தில் அந்த மணிக்கணக்கு எப்படியும் வராது. நம் மாநிலத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தி சாய்ஸ் கொடுக்கும்போது ஒன்று. "நமக்குக் கிடைக்காது" என்று பெரிய கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், கிடைக்காததைத் தாண்டிப் போகும். மேலே போட்டதால் கீழே இருப்பது பறிபோகாது. சேர்ந்தபின் அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கும். அடுத்த வருஷம் நீட் எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே சான்றொப்பமிட்ட நகல் ஐந்து செட் எடுத்து வை, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் சேரும்போதே எழுத்தில் கேள்.

கயல் எந்த வார்டில் நிற்க விரும்புகிறாள் என்று யாராவது அவளைக் கேட்டீர்களா? கேட்டுவிட்டு எழுது. அந்த இரண்டு மாதிரித் தேர்வு மார்க்கையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
செல்வம்